பாஸ் பிடிப்பதற்கான விதிமுறைகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வீட்டம்மாவும் சுகம். என் மகளும் தங்கள் மகனாகிய மாப்பிள்ளையும் சுகம். மாப்பிள்ளையின் வேலையும் சுகம். அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், வேறு யாராவது வேறு விதமாகச் சொல்லித் தாங்கள் பதறிவிடக் கூடாது. முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள், பாதியில் வேண்டாம்.

அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற எனக்கு இன்று இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, மாப்பிள்ளை என் கைபேசியில் சேர்த்துவிட்ட மீன்பிடிக் குழுதான். பெயர் ‘பெருசா பிடிப்போம்’. அதில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ‘சுறா’ என்று ஒருவர் தினமும் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறார், அவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாளாவது எல்லோரும் ஏரிக்கரையில் கூடி, நட்புக்காக ஒரு பாஸ் மீன் போட்டி நடத்தலாம் என்று முடிவானது. பாஸ் என்பது அகன்ற வாயுள்ள ஏரி மீன், தூண்டிலில் மாட்டினால் ஆளையே இழுக்கும். படகுக்கு இரண்டு பேராகப் போய் அதைப் பிடித்து, அளந்து, படம் எடுத்து, உயிரோடு திரும்ப விட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் என்பதால் விதிமுறை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கைபேசி எழுத்து கண்ணுக்கு எட்டாததால் மாப்பிள்ளையின் கணினியில் உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் வரிக்கு வரி ‘பாஸ் மீன்’, ‘பாஸ் மீன்’. மீன்பிடிக் குழுவில் மீன் என்று எதற்கு மிகைச்சொல்? பழக்கதோஷத்தில் எல்லா மீனையும் அடித்துவிட்டேன். பிறகு ‘பெருசா’ என்று தொடங்கிய குழுவைப் பார்த்து அனுப்பிவிட்டேன். அங்கே திறந்திருந்தது மாப்பிள்ளையின் கணக்கு என்பதும், அந்தக் குழு ‘பெருசா யோசிப்போம்’ என்னும் அவருடைய அலுவலக விற்பனைப் பிரிவு என்பதும், அங்கே மேலாளரை எல்லோரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்!

மாப்பிள்ளையின் பெயரில் போன செய்தி இதுதான்: “அன்பர்களே! ஞாயிறு காலை ஏரிக்கரையில் பாஸ் பிடிக்கும் போட்டி. பாஸ் சிக்கியதும் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கவும், துள்ளாது. வாயை மூடிப் படுக்கப்போட்டு நீளம் அளக்கவும். பக்கத்தில் நின்று படம் எடுத்தபின் தண்ணீரில் விட்டுவிடவும். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் தரையில் போட்டு அடிக்கக் கூடாது, பாஸும் ஓர் உயிர்தான். செத்த பாஸ் கணக்கில் வராது. பெரிய வாய் பாஸுக்குத் தனிப் பரிசு உண்டு.” ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை, சம்பந்தி. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அனுப்பிய உடனே சிரிக்கும் முகங்களாக வந்து கொட்டின. நம் குழுவில் இத்தனை உற்சாகமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க மாடியில ரெண்டு பாஸ் இருக்கே, ரெண்டையும் பிடிக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். மாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “தாராளமா, ஆனா ஒண்ணொண்ணா பிடிங்க” என்று பதில் போட்டேன். “எதைக் காட்டிக் கூப்பிடறது?” என்றார் இன்னொருவர். “ரப்பர் புழுவே போதும், லேசுல ஏமாந்துடும்” என்றேன். கடைசியாக ஒருவர், “இது என்ன?” என்று மட்டும் கேட்டார். புதிதாகச் சேர்ந்தவர் போல, பாவம். “பயப்படாதீங்க, பாஸை எப்படி அமுக்கறதுன்னு பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்” என்று எழுதினேன். “நாளைக் காலையில முதல் வேலையா என் அறைக்கு வா” என்று வந்தது. ஒருமையில் பேசுகிறாரே என்று எரிச்சலாகி, “அறைக்கெல்லாம் வர முடியாது, நீங்கதான் ஏரிக்கு வரணும்” என்று போட்டேன். அப்போதுதான் என் மகள் எட்டிப்பார்த்து, “ஐயோ அப்பா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க!” என்று அலறினாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் பெயின்ட் கடையைப் பையன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டபோது, “மாதச் சம்பளம் இருந்தாத்தான் பொண்ணு” என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அந்தச் சம்பளத்துக்கு நானே உலை வைத்துவிட்டு உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மாப்பிள்ளை எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “பரவால்ல மாமா” என்று சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அதிர்ச்சியில் சிலருக்குப் பசி எடுக்கும் என்றாள் என் வீட்டம்மா.

காலையில் அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், தூண்டிலையும் மீன் படத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு அவர் பின்னாலேயே போனேன். நான் வரவேற்பறையைத் தாண்டும்போதே ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேலாளரின் அறையில் நின்று, அச்சகம் தொடங்கி மிகைச்சொல் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மேலாளர் மீன் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“பெரிய வாய்க்குத் தனிப் பரிசா?”

“மீனுக்குங்க, மீனுக்கு!” என்றேன்.

“பெரியவரே, நான் போடற மீட்டிங்குக்கு எல்லாருக்கும் காய்ச்சல் வந்துடும். இதுக்கு மட்டும் ஒருத்தர் விடாம வர்றேன்னு எழுதியிருக்காங்க. என்னைத்தான் யாரும் மனசாரக் கூப்பிடல” என்றார். மீன் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

“அதுக்கென்னங்க, நீங்களும் வாங்க!” என்று சொல்லிவிட்டேன். உடனே முகம் மலர்ந்து, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, “உன் படகுல எனக்கு ஒரு இடம் போடுப்பா” என்றார். வேலைக்கு ஓர் ஆபத்தும் இல்லை. அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டே வந்தேன். ஆகவே, தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். பிள்ளைகள் இருவரும் என்றும் குறைவின்றி இருக்கத் தங்கள் ஆசி வேண்டும்.

தங்கள் அன்பு மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “மாமா, வேலை போயிடும்னு நெனச்சு நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன். அப்பா கடைக்கே போயிடலாம்னு இருந்தேன். நீங்க ஓடி வந்து காப்பாத்திட்டீங்க. ஆறு நாள் பத்தாதுன்னு ஞாயித்துக்கிழமையும் அவர்கூட உக்கார வெச்சுட்டீங்க” என்றார். அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். கூச்சமாக இருக்கிறதாம். சம்பளத்தைப் பற்றி இனி நான் வாயே திறக்க மாட்டேன். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், தாங்களாகவே நினைத்துக் கூப்பிட்டதுபோல் அவரைக் கடைக்குக் கூப்பிடுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கழியட்டும். அந்தப் படகில் பாஸோடு உட்கார எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.