அரை மணி நேரம் சூடேற விடவும்

என் கல்யாணத்தன்று காலையில், மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று சிதம்பரம் மேல வீதி முழுக்க ஒரு செய்தி பரவியது. அதில் பாதி பொய். நான் ஓடவில்லை, சைக்கிளில்தான் போனேன். அதுவும் என் சைக்கிள் இல்லை, சமையல்காரருடையது. பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் என் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் கடலூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். பகலில் கோப்புகளைக் கட்டுவேன், அவிழ்ப்பேன், மறுபடி கட்டுவேன். சாயங்காலமானால் கூட வேலை பார்த்தவர்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ சினிமாவுக்கோ போவார்கள். நான் வீட்டுக்கு வந்து செத்துப்போன கருவிகளை உயிர்ப்பித்துக்கொண்டிருப்பேன். ரேடியோ ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோ ரிப்பேர் செய்கிறவனை ஊர் மதிக்கும். நான் ரிப்பேர் செய்தது ரேடியோவைச் சோதிக்கிற கருவிகளை. வைத்தியருக்கு ஒரு மரியாதை உண்டு. வைத்தியருடைய ஸ்டெதாஸ்கோப்புக்கு வைத்தியம் பார்க்கிறவனை யார் மதிப்பார்கள்? (“இதனால யாருக்குடா பிரயோசனம்?” என்று அப்பா கேட்பார். பதிலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

பட்டாளத்தில் கழித்துப்போட்ட கருவிகள் அப்போது சென்னைப் பழைய சாமான் கடைகளில் குவிந்து கிடக்கும். அங்கிருந்து நான் தூக்கி வந்தவற்றில் இரண்டு என் கண்மணிகள். ஒன்று ஆசிலாஸ்கோப். சத்தத்தை வட்டமான திரையில் பச்சைக் கோடாகக் காட்டும். இன்னொன்று ஆசிலேட்டர். டயலில் எந்த எண்ணை வைக்கிறோமோ அந்தச் சுருதியில் பிசகாமல் ஓர் ஒலியைக் கொடுக்கும். இரண்டையும் வாங்கும்போது அவை பிணங்கள். கடலூர் உப்புக்காற்று மிச்சமிருந்ததையும் தின்றது. வால்வுக் கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எலி கடித்த ஒயர்களை மாற்றி, முழங்கை வரை பல முறை ஷாக் வாங்கி, ஒரு வருஷத்தில் அவற்றை எழுப்பி உட்கார வைத்தேன். ஒவ்வொரு பெட்டியின் குணத்தையும் சிவப்பு மையில் ஒரு சீட்டில் எழுதி, கிளார்க் புத்தியில் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு, மூடியின் உள்பக்கம் ஒட்டி வைப்பேன். எழுதுவதோடு சரி. எழுதியதைப் படிக்கிற வழக்கம் எனக்கு ஆபீசிலும் கிடையாது.

பெட்டிகள் எழுந்து உட்கார்ந்த சமயத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பெயர் மங்கை. வீடு குமராட்சிப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். கல்யாணம் சிதம்பரத்தில், மேல வீதிச் சத்திரத்தில். பெண்ணின் தம்பி குமரேசன் காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தான். நிச்சயதார்த்தத்தன்று என்னிடம் பெட்டிகளைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனவன் கார்டு போட்டான். “மாமா, சத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம் என்று சொன்னால் இங்கே ஒருத்தரும் நம்பவில்லை. என் மானம் போகிறது. பெட்டிகளை அவசியம் எடுத்து வரவும்.”

புத்தியுள்ள மாப்பிள்ளை கார்டைக் கிழித்துப் போட்டிருப்பான். நான் கல்யாண வேனில் பெரியம்மா உட்கார வேண்டிய இடத்தில் டிரங்குப் பெட்டியை உட்கார வைத்தேன். பெரியம்மா பஸ்ஸில் வந்தார்கள். (அதைக் கடைசி வரை மன்னிக்கவில்லை.)

எங்கள் கல்யாணத்துக்கு மேளம் வாசிக்க வந்த நாதஸ்வர வித்வானின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருடைய பேரன்கள் என்னைத் தேடி வருவார்கள். அந்தப் பக்கத்தில் அவர் வாசிக்காத கல்யாணம் பாதிக் கல்யாணம். மாமனார் ஜோசியரிடம் போவதற்கு முன்னால் வித்வானிடம் போய், அவருக்கு எந்த நாள் ஒழிவு என்று கேட்டுக்கொண்டு, அதற்குள்தான் முகூர்த்தம் பார்க்கச் சொன்னார். ஒரே பெண். கெட்டிமேளம் அவர் கையால்தான் என்று குமராட்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்கு டிபன் முடிந்து, வித்வான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் சுருதிப் பெட்டி. குமரேசன் என் காதில், “மாமா, இதான் சமயம்” என்றான். டிரங்கைத் திறந்தேன். பெட்டிகளை மேடைக்குக் கீழே பெஞ்சில் வைத்து, மூடிகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஸ்விட்சைப் போட்டேன். மைக்செட்காரர் மணியிடம் மைக்கை வாங்கி, அவருடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஓர் ஒயரை இழுத்து ஆசிலாஸ்கோப்பில் கொடுத்தேன். பச்சை வெளிச்சம் வந்தது. கூட்டம் கூடியது.

வித்வான் எட்டிப் பார்த்தார். “என்னா மாப்ள இது, மீன் தொட்டியா?”

“சத்தத்தக் கண்ணால பாக்கற பொட்டிங்க.”

“ஏன், காதுக்கு என்னா கேடு?”

கூட்டம் சிரித்தது. புது மாப்பிள்ளையைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கலாமா? எனக்குச் சுருக்கென்றது. “உங்க சுருதியவே இதுல காட்டறங்க” என்றேன். சுருதிப்பெட்டிக்காரர் பெட்டியை அமுக்கினார். “ரெண்டரைக் கட்ட” என்றார் வித்வான். இரண்டரைக் கட்டைக்கு எந்த எண் என்று ஒரு புத்தகத்தில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். ஆசிலேட்டர் டயலை அந்த எண்ணில் வைத்து, அதன் ஒலியையும் திரைக்குக் கொடுத்தேன்.

இந்த வித்தை சுலபமானது. இரண்டு ஒலியும் ஒன்றாக இருந்தால் திரையில் ஒரு வட்டம் அசையாமல் நிற்கும். துளி மாறினாலும் வட்டம் உருளும். எங்கள் வட்டம் உருண்டது. அமுங்கிப்போன வடை மாதிரி இருந்துகொண்டு, சட்டியில் புரள்வதுபோல் புரண்டு புரண்டு உருண்டது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கோப்பில் குறிப்பு எழுதுகிற குரலில் சொன்னேன். “சுருதி கொஞ்சம் எறங்கி நிக்குதுங்க. ஊதறதுக்கு முன்னாடி சரி பண்ணிக்கறது நல்லது.” (ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று வட்டம் சொல்லாது. அதை நானாக முடிவு செய்தேன்.)

சொல்லி முடித்த பிறகுதான் மைக் என் கையில் இருப்பதைக் கவனித்தேன். சத்திரத்து வாசலில் கட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கர் குழாய்களும் என் தீர்ப்பை மேல வீதிக்கு வாசித்துவிட்டன. எதிர் டீக்கடையிலிருந்து ஒரு குரல், “யாரு சுருதிய்யா எறங்கிப்போச்சு?” என்று கேட்டது.

வித்வான் கத்தவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். நாதஸ்வரத்தை உறையில் போட்டார். முடிச்சை நிதானமாகப் போட்டார். “அப்ப அந்தப் பொட்டியவே ஊதச் சொல்லிக்குங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். தவில்காரர்கள் பின்னாலேயே போனார்கள். சுருதிப்பெட்டிக்காரர் மட்டும் பந்திக்குப் போய் உட்கார்ந்தார். அவர் இன்னும் டிபன் சாப்பிட்டிருக்கவில்லை.

மாமனார் என் எதிரில் வந்து நின்றார். மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்ற மரியாதை அவர் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

“பொட்டி ஊதுமா மாப்ள?”

“ஊதாதுங்க மாமா.”

“பின்ன இத எதுக்குங்க இம்மாந்தூரம் தூக்கிகிட்டு வந்தீங்க?”

மணி ஒரு யோசனை சொன்னார். “கெட்டிமேளம் ரெக்கார்டு இருக்குதுங்க. நடுவுல ஒரு கீறலு. அந்த எடம் வந்தா அங்கயே சுத்தும். நான் பக்கத்துல நின்னு தட்டி வுட்டுகிட்டே இருக்கறன்.”

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். துண்டுக்குள்ளிருந்து, “ரெக்கார்டு வச்சித் தாலி கட்டுனாங்கன்னு ஊர்ல சொல்லுவானுங்களே” என்று மட்டும் கேட்டது. வித்வானைத் தேடி ஆள் அனுப்பினார்கள். போனவர், பஸ் ஸ்டாண்டில் அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை என்று வந்து சொன்னார். நேரம் எட்டு மணியாகப் போனது.

நான் பெஞ்சருகே, விற்காத பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அந்த அமர்க்களத்தில் பெட்டிகளை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. குமரேசன் கவலையில், கை சும்மா இருக்கமாட்டாமல், சுருதிப் பெட்டியை அமுக்கிக்கொண்டிருந்தான். அப்போது பெண்ணின் அறைக் கதவு திறந்து, பாதி ஜடையில் பூ தைத்திருக்க, மீதி ஜடை ஊசியோடு தொங்க, மங்கை வந்தாள். தன் கல்யாணத்தைக் கெடுத்த ஜந்து எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க வந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

“குமரேசா, உருளுது உருளுதுன்னாங்க. நிக்குதேடா?”

பார்த்தேன். நின்றது. அடித்த ஆணி மாதிரி நின்றது. டயலை யாரும் தொடவில்லை. சுருதிப் பெட்டியும் அதே பெட்டிதான்.

அவள் ஓரமாகச் சாய்த்திருந்த மூடிகளில் ஒன்றை எடுத்தாள். உள்பக்கம் ஒட்டியிருந்ததைப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பெண் பார்த்த நாளிலும் நிச்சயதார்த்தத்திலும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்:

“இது உங்க கையெழுத்துங்களா?”

சிவப்பு மையில் முத்து முத்தாக இருந்தது: “இக்கருவி ஸ்விட்ச் போட்டவுடன் தவறாகப் பேசும். அரை மணி நேரம் சூடேற விடவும். அதுவரை இதன் பேச்சை நம்ப வேண்டாம்.” கீழே என் கையெழுத்து. தேதி. அடிக்கோடு வேறு.

பிசகி நின்றது வித்வானின் சுருதி இல்லை. வால்வுகள் சூடேறாத என் ஆசிலேட்டர்.

அதற்குப் பிறகுதான் சைக்கிள். சமையல்கட்டு வழியாக ஓடி, சுவரில் சாய்த்திருந்ததை எடுத்து மிதித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் தப்பு. நெற்றியில் சந்தனம், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, முழங்காலுக்கு மேல் பட்டு வேட்டி. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் இந்தக் கோலத்தில் ஒருத்தன் சைக்கிளில் பறந்தால் ஊர் என்ன நினைக்கும்? டீக்கடைக்காரர், “மாப்ள ஓடறாரு! புடிங்கய்யா!” என்று கத்தினார். திரும்பிப் பார்த்தேன். இரண்டு சைக்கிள், ஒரு ஜட்கா, குமராட்சியிலிருந்து வந்திருந்த மச்சான்மார் நாலு பேர் கால்நடையாக. வேகமாக மிதித்தேன். அதைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

மாயவரம் பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் வித்வான், மடியில் நாதஸ்வரம். நான் ஏறியதும் கண்டக்டர் ஏற இறங்கப் பார்த்து, “மாப்ளைக்கு ஒரு டிக்கெட்டுங்களா?” என்றார். பஸ் கொல்லென்று சிரித்தது.

“அண்ணே, தப்பு என்னோடதுங்க” என்றேன் மூச்சு வாங்க. “பொட்டி சூடேறல. சூடேறுனதும் உங்க சுருதியில அப்பிடியே நிக்குதுங்க.”

வித்வான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அது சூடேறணும்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியுங்க. எழுதியே வச்சிருக்கேன்.”

“எழுதி வச்சிருக்கீங்க.”

“ஆமாங்க. கையெழுத்துப் போட்டு.”

அவர் மீசை லேசாகத் துடித்தது. கோபமா சிரிப்பா தெரியவில்லை. “நான் சீவாளிய வாயில வச்சி நனைச்சி, அது பதத்துக்கு வந்தப்பறந்தான் ஊதுவன். காஞ்ச சீவாளிய ஊதி, ஒங்க பொட்டி சரியில்லன்னு ஒங்க கிட்ட வந்து சொன்னனா?”

அதற்குள் மச்சான்மார் பஸ்ஸில் ஏறி என் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டார்கள். நான் எங்கும் ஓடவில்லை என்று வித்வான்தான் அவர்களிடம் சொன்னார். பிறகு நாதஸ்வரத்தைத் தோளில் சாத்திக்கொண்டு எழுந்தார். “கொழாயில சொன்னத பஸ்ஸுல வந்து வாங்கிக்க முடியாது மாப்ள. கொழாயிலயே சொல்லணும்.”

சொன்னேன். ஒன்பதடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மேல வீதியே வேலையை விட்டுவிட்டு நின்று கேட்க, மைக்கைப் பிடித்துச் சொன்னேன். “வித்வான் சுருதி சுத்தமா இருக்கு. தப்பு என் பொட்டியோடது.” வித்வான் பக்கத்திலிருந்து விரலை ஆட்டினார். “பொட்டி என்னா பண்ணும்? அதாந் தெளிவா எழுதி வச்சிருக்குதே.” மறுபடி சொன்னேன். “தப்பு என்னோடது.” டீக்கடையில் கைதட்டல் கேட்டது.

அதோடு விட்டார் என்றா நினைக்கிறீர்கள்? தாலியை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று குரல் எழுந்தது. வித்வான் நாதஸ்வரத்தை உதட்டருகே கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார். அத்தனை பேரும் மூச்சை அடக்க, மைக் பக்கம் குனிந்து, மிகவும் பணிவாகக் கேட்டார்.

“பொட்டி சூடேறிடுச்சுங்களா மாப்ள? ஊதலாமா?”

மண்டபம் வெடித்தது. மாமனார் சிரித்த சிரிப்பில் துண்டு கீழே விழுந்தது. குனிந்திருந்த மங்கையின் தோள் குலுங்கியதில் எனக்கு முடிச்சு பிடிபடவில்லை. மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போட்டாள், அதுவும் சிரித்துக்கொண்டே. எங்கள் கல்யாணப் போட்டோவில் தலை குனிந்து வெட்கப்படுவதுபோல் இருக்கிறாளே, அது வெட்கம் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதைப் பற்றியும் உடனே கருத்துச் சொல்ல முடியாது. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால் மங்கை கடிகாரத்தைப் பார்ப்பாள். “இப்பதான எழுந்து வந்தீங்க? அரை மணி ஆவட்டும்.” எங்கள் பெண்ணுக்கு வந்த வரனை நான் வேண்டாம் என்றபோது, பெண்ணே கேட்டாள், “அப்பா சூடேறியாச்சாம்மா?” (அந்த வரன்தான் இப்போது என் மாப்பிள்ளை. நல்ல பையன். அரை மணி கழித்துப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது.)

ஆசிலேட்டர் இப்போதும் வேலை செய்கிறது. ஆனால் அதற்கு மூடி கிடையாது. மூடி கல்யாணத்தன்றே மங்கையோடு போய்விட்டது, சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. சிவப்பு மை நாள்பட நாள்பட வெளுக்கும், தானாக அழிந்துவிடும் என்று நான் பொறுமையாகக் காத்திருந்தேன். அழியவில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு என் கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது, அந்த மூடியையும் இறக்கி, எழுத்துக்கு மேல் எழுத்தாகச் சிவப்பு மையில் ஓட்டிவிடுகிறாள். வாசகத்தையெல்லாம் தானே ஓட்டினாலும், கடைசி வரிக்கு வந்ததும் என்னைக் கூப்பிடுகிறாள்.

“கையெழுத்த மட்டும் நீங்க போடுங்க. நாம் போட்டா செல்லாது.”

போட்டுக்கொண்டிருக்கிறேன். தேதியோடு.