கேட்காமலே தெரிந்தவர்

நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம் வெயிலில் வரிசையில் நின்ற பிறகு அண்ணிக்குத் தலைவலி வந்தது. தலைவலியைத் தீர்ப்பதற்கான வரிசைதான் அது.

"பாத்தீங்களா, வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு!" என்றார் பின்னால் நின்ற தையல்காரர். "அவர் பக்கத்துல வந்தாலே உள்ள இருக்கிறது வெளிய வந்துரும்."

செருப்புக் கடைக்கு மேல், மாடி மண்டபத்தில் இருந்தார் கேளா ஞானி. அவர் எதையும் கேட்க மாட்டார். எங்கே வலி, எத்தனை நாளாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. கண்ணை மூடுவார், சொல்லிவிடுவார். பிறகு எண்ணெய் தருவார். எண்ணெய் இலவசம், புட்டிக்கு மட்டும் விலை. வீட்டிலிருந்து புட்டி கொண்டுவந்தால் அந்த எண்ணெய் அதில் தங்காதாம்.

அண்ணனுக்கு ஞானியைப் பிடித்துப்போனதற்கு டாக்டர்தான் காரணம். போன மாதம் அவர் அரை மணி நேரம் அண்ணியைக் கேள்வி கேட்டார். வலி ஒரு பக்கமா? விண்விண் என்று தெறிக்கிறதா? எத்தனை மணி நேரம் இருக்கும்? படி ஏறினால் கூடுமா? குமட்டுமா? வெளிச்சமும் சத்தமும் ஆகாதா? இதுவரை எத்தனை முறை? பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கடித்தார், கை கால் பலம் பார்த்தார்.

"மைக்ரேன். ஒற்றைத் தலைவலின்னு சொல்வாங்களே, அதுதான். உங்களுக்கு ஸ்கேன் தேவையில்லம்மா. நீங்க சொல்றதை வச்சுத்தான் இதைக் கண்டுபிடிக்கணும்" என்று மாத்திரை எழுதினார். வலி தொடங்கியதும் போட வேண்டும்.

வெளியே வந்ததும் அண்ணன் பொருமினான். "எல்லாத்தையும் நம்மகிட்டயே கேட்டா இவரு எதுக்குப் படிச்சாரு? ஒரு படம்கூட எடுக்கல!"

மாத்திரை வலியைக் குறைத்தது. படம் எடுக்காத குறை அண்ணனுக்குக் குறையவில்லை.

அண்ணிக்கு ஆலையில் துணி பரிசோதிக்கும் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, ஓடும் துணியில் அறுந்த இழை தேட வேண்டும். மாத்திரை கிடைக்கும் முன் அவள் எடுத்த விடுப்புகளை மேலாளர் மறக்கவில்லை. இன்னொரு நாள் படுத்தால் அப்படியே படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஞானியின் மேடையிலோ ஒரு பிளாஸ்டிக் டிரம். மாத்திரைகளை அதில் கொட்டினால்தான் புட்டி. பிறகு மாத்திரையைத் தொட்டால் எண்ணெய் கோபித்துக்கொள்ளும்.

கூடவே அண்ணனின் தங்கையும் வந்திருந்தாள். இயற்பியல் படித்தவள். இறங்கும் இடம் வந்தாலும் நடத்துனரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவள்.

மாடியில் பெஞ்சு போட்டிருந்தது. கையில் தண்ணீர் ஜக்குடன் ஒரு அக்கா வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் நோயாளிதாம்மா. ஐயாதான் காப்பாத்தினாரு. உனக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்க்கா. வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது."

"அடப் பாவமே. இரு, தண்ணி பிடிச்சுட்டு வரேன்."

ஜக்கில் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. அந்த ஜக்கோடுதான் தண்ணீர் பிடிக்க, ஞானியின் மேடைக்குப் பின்னால் உள்ளே போனார். திரும்பி வந்து தையல்காரரிடம் பேசினார். மறுபடி உள்ளே போனார். ஜக்கு அப்போதும் நிறைந்தே இருந்தது.

தங்கை அவருக்காகக் காத்திருந்தாள். வந்ததும் மெல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கும்தான்க்கா. முதல்ல வலது காதுல டெலிபோன் மணி அடிக்கும். அப்புறம் ரப்பர் எரியுற வாசனை. வலி இடது கால் சுண்டுவிரல்ல கிளம்பி மேல ஏறும்."

"சுண்டுவிரலா?" ஜக்கு அக்கா ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். வழியில் மறந்துவிடக் கூடாதே.

அண்ணி திகைத்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

"கூச்சமா இருந்துச்சு அண்ணி."

அண்ணியின் முறை வந்தது. மேடையில் ஞானி கண்ணை மூடினார். "இடது பக்கம்... குமட்டல்... வெளிச்சம் பகை" என்றார் மைக்கில். மண்டபம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அரை மணி நேரம் டாக்டர் கேட்டதை அரை நிமிஷத்துல சொல்லிட்டாரே! போடு, மாத்திரையை டிரம்ல போடு."

"நாளைக்குக் காலையில ஷிப்ட்டுங்க..."

"அதான் எண்ணெய் இருக்கே!"

அண்ணியின் கை டிரம்முக்கு மேல் போயிற்று.

"முதல்ல என்னைப் பாருங்க" என்றாள் தங்கை. யாருக்கும் கேட்கவில்லை. மேடையேறி நின்றாள்.

"மணி..." என்று ஞானி முனகினார். "டெலிபோன் மணி. வலது காது. ரப்பர் கருகுகிறது. வலி எங்கே புறப்படுகிறது? ஆ! இடது கால் சுண்டுவிரல்!"

மண்டபம் எழுந்து நின்றது. சுண்டுவிரலிலிருந்து தலைவலியா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நேரத்தை எல்லாம் வரிசையிலேயே செலவழித்துவிட்டார்கள்.

"சரியா தப்பா, நீயே சொல்லும்மா." ஞானி மைக்கை நீட்டினார். அவள் உதடு அசைந்தது.

"சத்தமா!" என்றது கூட்டம்.

"இதை நான் அந்த ஜக்கு அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன். அப்படியே சொல்றீங்க. அவங்க ஜக்கு நிறைஞ்சேதான் இருக்கு. ஆனா தண்ணி பிடிக்க உங்ககிட்ட வந்துக்கிட்டே இருக்காங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. ஜக்கு அக்கா ஜக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டியது.

"யோவ், எங்கிட்டயும் கேட்டாங்கய்யா!" என்று தையல்காரர் கத்தினார்.

அண்ணி டிரம்மிலிருந்து கையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். "அக்கா, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொடுங்க." அன்று அந்த ஜக்கு ஒருவருக்கு உதவியது அப்போதுதான்.

ஞானி விடவில்லை. "யார்கிட்ட சொன்னா என்னம்மா? வலி உண்மைதானே? உன் வலியைத்தானே நான் சொன்னேன்?"

தங்கை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கியது. ஆனாலும் கீழே செருப்புக் கடைவரை கேட்டது.

"எனக்குப் பொறந்ததுல இருந்து தலைவலியே வந்ததில்லைங்க. அதை மட்டும் உங்களுக்கு யாரும் சொல்லல." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இவரு எதையும் கேட்க மாட்டாரு. நீங்களாவது ஏதாவது கேளுங்களேன்!"