சாவிக்குப் போட்ட குல்லா

இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது தன் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்று போதான் முடிவு செய்தார். நாய் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. மனைவி ஸ்டெஃபா கேட்கத் தொடங்கியதே இல்லை. மிச்சம் இருந்தது கார்தான்.

செகண்ட் ஹேண்ட் கார்தான். ஆனால் அதற்குள் ஒரு காவல்காரன் குடியிருந்தான். அப்போது, கார் திருடர்கள் மலிந்த கனடாவின் வின்னிபெக்கில், ராத்திரி வாசலில் நிறுத்திய கார் காலையில் அங்கேயே நின்றால் தெருவே வந்து வாழ்த்துச் சொல்லும். அப்படிப்பட்ட ஊரில், இது சாவியையே விசாரிக்கிற கார். சாவியின் தலைக்குள் ஒரு சில்லு, சில்லுக்குள் ஒரு ரகசிய எண். திருகியதும் கார், "யார் நீ?" என்று கேட்கும். சரியான பதில் வராவிட்டால் ஓர் உறுமல் உறுமிவிட்டு, பெட்ரோலை நிறுத்திக்கொண்டு படுத்துவிடும்.

இந்தக் காவலையும் மீறி ஓர் ஆபத்து வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஸ்டெஃபா லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

"எனக்கும் ஒரு சாவி வேணும். சனிக்கிழமை சர்ச் ஹாலுக்குப் பெரோகிக் கொழுக்கட்டை பிடிக்க நானே ஓட்டிட்டுப் போறேன். நீ வந்து கூட்டிட்டுப் போவேன்னு ஹால் வாசல்ல நின்னு நின்னு என் மூக்கே உறைஞ்சுபோச்சு."

"பனி வழுக்கும் ஸ்டெஃபா."

"உன் பேச்சை விடவா?"

சனிக்கிழமைகளில் போதான் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர். கார் கைமாறினால் மீனும் போச்சு, மானமும் போச்சு. பேர்தான் போதான், ஏரியில் எத்தனை நேரம் இருந்தாலும் அவருக்குப் போதாது.

எனவே கடைக்குப் போய், சில்லே இல்லாத சாதாச் சாவி ஒன்று வெட்டிக்கொண்டார். இரண்டு சாவியின் தலைக்கும் ரப்பர் குல்லா மாட்டினார். தனக்கு நீலம், அவளுக்கு மஞ்சள்.

"நம்ம உக்ரேனியக் கொடியோட நிறம்!" என்று தழுதழுத்தார். ஒரே நேரத்தில் சாவிக்கும் மனைவிக்கும் குல்லா போட்ட பூரிப்பு. இரண்டையும் சமையலறைக் கொக்கியில் மாட்டி வைத்தார்.

சனிக்கிழமை ஸ்டெஃபா மஞ்சளைத் திருகினாள். கார் உறுமியது, செத்தது. மறுபடி உறுமியது, மறுபடி செத்தது.

"ராத்திரி பூரா இஞ்சின் உறையாம இருக்க ஹீட்டர் வயரைச் செருகித்தானே வெச்சிருந்தோம்?"

"வண்டிக்கு உன் கை பழகலைம்மா. நகரு." நீலம் நுழைந்தது. கார் பூனைபோல் குர்குர்ரென்றது. "பார்த்தியா? ஆளைப் பார்த்துத்தான் மசியும்."

"முன்னாடி சிவப்பா ஒரு சாவிப் படம் மினுக்கு மினுக்குன்னு அடிச்சுதே, அது என்ன?"

"அது சும்மா அலங்காரம்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போதான் ஓய்வுபெற்ற லத்தீன் வாத்தியார். ரெண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு ஹால்டோர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "சாதாச் சாவி வெட்டிப் போட்டா வண்டி ஓடாதா?" என்றார்.

"எப்படி ஓடும்? உறுமும், சாகும், சிவப்பா சாவிப் படம் மினுக்கும். அதுதான் இம்மொபிலைசர்! லத்தீன்ல மொபிலிஸ்னா நகரக்கூடியது. முன்னாடி 'இம்' போட்டா..."

அவருக்குப் பின்னால் ஸ்டெஃபா பனி வாரிக்கொண்டிருந்தாள். மண்வெட்டிச் சத்தம் சட்டென்று நின்றது. போதான் அப்போது வேர்ச்சொல்லில் இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஏரியில் மீன்பிடிப் போட்டி. தூண்டில், துளைபோடும் கருவி, மடக்கு நாற்காலி எல்லாம் ஏற்றிவிட்டு நீலத்தைத் திருகினார். கார் உறுமியது, செத்தது. மறுபடியும் அதே கதை.

வேலிக்கு மேலே தலை முளைத்தது. "போதான், சாவிப் படம் மினுக்குதா?"

மினுக்கியது.

ஸ்டெஃபா ஆவி பறக்கும் பெரிய பாத்திரத்தோடு வந்தாள். "என்னாச்சு? வண்டிக்கு உன் கை மறந்துபோச்சா? நகரு."

மஞ்சளைத் திருகினாள். பூனை குர்குர்ரென்றது. போதானுக்கு அப்போதுதான் புரிந்தது. சாவிகள் இடம் மாறவில்லை. குல்லாக்கள் தலை மாறியிருந்தன.

"ஸ்டெஃபா, அது வந்து..."

"நகராததுக்கு லத்தீன்ல என்ன சொன்னே? அதுமாதிரி நிக்காதே. ஏறு. உன்னை ஏரியில விட்டுட்டு நான் ஹாலுக்குப் போறேன்."

பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அவசரத்தில் அவர் கழற்ற மறந்த ஹீட்டர் வயரை அவள் எப்போதோ கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள். கார் ஒரு வழுக்கல் இல்லாமல் தெருவில் திரும்பியது. அவர் ஓட்டி ஒருநாளும் அது இவ்வளவு பதவிசாகப் போனதில்லை. மீனும் போகவில்லை, போட்டியும் போகவில்லை. இனி எல்லாச் சனிக்கிழமையும் இப்படியே போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. மடி வேறு கதகதப்பாக இருந்தது.

ஏரிக்கரையில் இறங்கி, "சாயங்காலம் எத்தனை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டார்.

ஸ்டெஃபா கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ வழக்கமா என்னைக் கூட்டிட்டுப் போக வர்ற நேரத்துக்கு. மூக்கை மூடிக்கோ."