ஒரே காலையில் இரண்டு ராகு காலம்

கிள்ளான்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மாதவி எழுதுவது. இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். இங்கே மணி ஒன்றரை. திருச்சியில் உங்களுக்குப் பதினொன்றுதானே என்ற தைரியம். இங்கே எல்லாரும் நலம். அங்கே அண்ணியும் உங்கள் மாவுக்கட்டுக் காலும் நலமா?

உங்களால் இங்கே வர முடியாதென்று, யாழிசைக்கு உங்கள் மடியிலேயே காது குத்த அடுத்த திங்கள் நாங்கள் வருவதாக இருந்தோமே, அது இன்று மாலை ஆட்டம் கண்டுவிட்டது, காரணம் என் படிப்பு. உங்கள் மாப்பிள்ளை தனேஷ் டிக்கெட்டை அச்செடுத்து மேசையில் வைத்தார், என் மாமியார் பவுனம்மாள் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆறு அம்பத்தஞ்சுக்கு ஏறி எட்டு இருபதுக்கு இறங்குறீங்களா? ஈப்போவுக்குக் கார்ல போனாக்கூட இதவிட நேரமாகும் லா!" என்று பூரித்துப் போனார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இல்ல அத்தை, அது அங்க உள்ள மணி, நம்மளவிட ரெண்டரை மணி நேரம் பின்னால. ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், நாலு மணி நேரம் பறக்கணும்," என்று விளக்கினேன். அத்தை உடனே திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தார். "இதுல ஆறரை மணி நேரம் காட்டுதே, வர்றப்ப எதிர்க்காத்தா?" தனேஷ் சிரித்தார், சிரித்திருக்கக் கூடாது. அத்தை எழுந்துபோய்ச் சுவர் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். திங்கள் ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். இங்குள்ள ராகு காலம் முழுவதும் எங்களுக்கு வானத்தில். அதைத் தாண்டித் திருச்சியில் இறங்கினால், அங்கே ராகு காலம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது!

"ஒரே காலையில ரெண்டு ராகு காலமா? என் பேத்தி வரமாட்டா."

"கிளம்பத்தானேம்மா கூடாது? இறங்கலாம்," என்றார் தனேஷ்.

"ஏர்போட்ட விட்டு வெளிய வர்றது கிளம்புறது இல்லியாடா?"

இதற்கு எந்தக் கல்லூரியிலும் பதில் இல்லை அண்ணே.

எனக்கோ ராகுவைவிட அந்த நான்கு மணி நேரம்தான் பயம். காது அடைத்து அழுவாளோ, பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பாரோ என்று தூக்கமே இல்லை. ஆகவே இரவு எட்டு மணிக்குச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, பாப்பாவை மடியில் வைத்து, துப்பட்டாவால் பெல்ட் போட்டுக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு வேக்குவம் கிளீனரை ஓடவிட்டு ஒத்திகை பார்த்தேன். நாற்பது நிமிடம் கத்தினாள். அப்புறம் தூங்கியவள் பன்னிரண்டு வரை எழவே இல்லை, என் கால்தான் மரத்துப் போச்சு. தனேஷ் தட்டில் ஒரு கோப்பை மைலோ ஏந்திவந்து, "மேடம், ஜன்னல் சீட்டு வேணுமா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினார். "புள்ள சமத்து. நீதான் பயந்தாங்கொள்ளி. நேரம் மட்டும் நல்லா இருந்தா அனுப்பிருவேன்," என்று சொல்லிவிட்டு அத்தை படுக்கப் போனார்.

அந்த ஒரு சொல் போதும். எட்டு மாதமாகப் பாப்பாவைப் போனிலேயே பார்க்கிறீர்கள், இனியும் தள்ளிப்போட மாட்டேன். இறங்கி, ஒன்பது மணி ஆகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து வெளியே வருகிறோம் என்று காலையில் அத்தையிடம் கெஞ்சப் போகிறேன். நீங்கள் முன்கூட்டியே வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டிக் கூப்பிடாதீர்கள், யாழிசை பாய்ந்துவிடுவாள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் எலும்பு சீக்கிரம் கூட மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்

உங்கள் தங்கை,
மாதவி

பி.கு.: மேலே உள்ள எதையும் மனதில் வைக்க வேண்டாம். தனேஷ் இப்போதுதான் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தார். விமானத்தைப் பிற்பகல் இரண்டரைக்கு மாற்றிப் பத்து நாள் ஆகிறதாம். திருச்சிக்கு மூன்று ஐம்பத்தைந்து. இரண்டு ஊரிலும் ராகு இல்லை. நாங்கள் போட்ட கூச்சலில் எழுந்துவந்த அத்தை நாட்காட்டியைப் பார்த்தார், "சுத்தமான நேரம்! அப்ப நானும் வரேன்," என்று அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கச் சொல்கிறார். அவருக்கும் ஒரு கட்டில் போட இடம் இருக்குமா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.