பதினேழாம் எண்ணுக்குரியவர் நேரில் வரவும்

மாரீஸ்வரன் சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் இரும்பு அலமாரியைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது இழுப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே இருந்தது ஒரே ஒரு நோட்டு.

போடியில் எச்.ஐ.வி.க்கு மாத்திரை வாங்குகிற நாங்கள் நாற்பது பேர். எனக்கும் என் மனைவிக்கும் சேர்ந்தே வந்தது. மாத்திரை வருவதற்குள் அவள் போய்விட்டாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும். ஆனாலும் உடம்புக்குள் ஒரு சின்ன அழற்சி, ஏலக்காய் உலர்த்துகிற அடுப்பு மாதிரி கனன்றுகொண்டே இருந்து இதயக் குழாய்களைக் கெடுக்குமாம். ரத்தத்தில் சி.ஆர்.பி., டி-டைமர் என்று சில பொருள்கள் ஏறியிருந்தால், மாரடைப்பு வரக்கூடிய ஆளை முன்கூட்டியே கண்டுகொள்ளலாமாம். அதற்கு ஒரு திட்டம் வந்தது. திட்ட ஒருங்கிணைப்பாளராக மாரீஸ்வரன் சார் வந்தார்.

அவர் முன்பு ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தவர். ஏலம் விடும்போது தட்டில் காயும் லாட் நம்பரும் இருந்தால் போதும், தோட்டக்காரர் பெயர் எதற்கு என்பது அவருடைய கொள்கை. ரத்தத்துக்கும் அதையே வைத்தார். எங்கள் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களில் எண் மட்டும் ஒட்டப்பட்டது. எந்த எண் யாருடையது என்று நர்ஸ் கற்பகம் நோட்டில் எழுதி, அரக்கு வைத்து மூடினார். பிறகு, எழுதியதை மறந்துவிடும்படி கற்பகத்துக்கு எழுத்து மூலம் உத்தரவு வந்தது. அவரும் மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் ரத்தமும் வேண்டும் என்றது விதி. அப்போது ஊரில் இந்த டெஸ்டு ஒரு மோஸ்தர். எஸ்டேட்காரர்கள் மதுரை வரை போய் எடுத்துவிட்டு வந்து, காய் விலை கேட்பதுபோல் "ஒங்க சி.ஆர்.பி. எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் எங்களுக்கான அறை வாசலில் ஓசியில் எடுக்க ஒருவரும் வரவில்லை. யாராவது பார்த்துவிட்டால்? எப்படியோ அந்தக் குறையும் உரிய முறையில் நிவர்த்தி செய்யப்பட்டது.

முடிவு வந்தது. பதினேழாம் எண்ணுக்கு எல்லாமே எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்: "பதினேழாம் எண்ணுக்குரியவர் உடனடியாக நேரில் வரவும்."

சிலமலை ஒச்சப்பன் முதல் ஆளாக வந்தான். மலை மேல் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். கொஞ்ச நாளாக அவனுக்கு நெஞ்சுக்குள் எரிச்சல்.

"அந்தப் பதினேழு நான்தானா சார்?"

"அதைச் சொல்லக் கூடாதுண்ணே. நம்பருக்குரியவர் நம்பரைக் குறிச்சு மனுக் கொடுத்தா, நோட்டைப் பிரிப்போம்."

"என் நம்பரு எனக்குத் தெரியாதே."

"தெரியக் கூடாதுன்னுதானே இம்புட்டுப் பாடு."

"பதினோரு பேர ஏத்திக்கிட்டு மெட்டு ஏறுறேன் சார். வளைவுல நெஞ்சு நின்னுச்சுன்னா பன்னெண்டு பேரு."

மாரீஸ்வரன் சார் உண்மையாகவே வருத்தப்பட்டார். "அதுக்குத்தாண்ணே அறிவிப்பைப் பெரிய எழுத்துல போட்டிருக்கோம்" என்றார்.

ஒச்சப்பன் கற்பகத்திடம் போய் நின்றான். "நெசமாவே மறந்துட்டேண்ணே" என்றார் கற்பகம். "எதையும் நெனப்புல வைக்கிறதில்ல. வீட்ல உப்பு எங்க இருக்குன்னே தெரியல."

வேறு வழியில்லாமல் நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு பதினேழாகிவிட்டோம். ஒச்சப்பன் பீடியை விட்டான். பெரிய டாக்டரிடம் நெஞ்சைக் காட்டி மாத்திரை வாங்கினான். நான் பஜ்ஜியை விட்டேன். விடிந்ததும் பரமசிவன் கோயில் பக்கம் கூட்டமாக நடந்தோம். மாரீஸ்வரன் சார் டீக்கடையில் மூன்றாவது வடையைப் பிட்டபடி, "விட்றாதீங்க, வெரசா நடங்க" என்று உற்சாகப்படுத்துவார். எங்களோடு நடக்கலாமே என்று கேட்டதற்கு, தனக்கு அந்தத் தேவை இல்லை, தான் அலுவலர் என்றார்.

ஆறு மாதத்தில் எங்கள் எல்லோருக்கும் உடம்பு தேறியது. அலமாரிப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்த அன்று மாலை, பஸ்சுக்கு நின்ற இடத்தில் மாரீஸ்வரன் சார் சாய்ந்தார். மாரடைப்பு.

அவருடைய சாவியை ஒப்படைக்கும்போது, உள்ளே இருப்பதைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதிப்படி மேலதிகாரிகள் முன்னிலையில் நோட்டைப் பிரித்தார்கள். பதினேழுக்கு நேரே கற்பகத்தின் கையெழுத்தில் இருந்தது: "ஒப்பீட்டு ரத்தம். மாரீஸ்வரன்."

கற்பகம் அதை இரண்டு முறை படித்தார். "ஆமா, வேற ஆளு கெடைக்கலன்னு அவரே கைய நீட்டுனாரு" என்றார்.

ஒச்சப்பன் நோட்டை எட்டிப் பார்த்தான். "அப்ப நான் பீடிய விட்டது அவருக்காகவா?" என்றான். அடுத்த நாளும் நடக்க வந்தான்.

பலகையில் அறிவிப்பு இன்னும் இருக்கிறது. அதைக் கிழிக்க வேண்டுமானால் பதினேழாம் எண்ணுக்குரியவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.