முதுகில் ஏறிய ஈயமில்லாச் சிவப்பு

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்குத் தனி அழகு உண்டு. ஏன் செய்தாய் என்று கேட்டால் கையில் விளக்கம் இருக்கும். அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று நான் அப்படி ஒரு விளக்கத்தோடுதான் நின்றேன்.

அப்போது நான் கோவில்பட்டியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. ஈயம் கலக்காத, மண்ணைக் கெடுக்காத வண்ணப்பொடி செய்வது என் வேலை. எங்கள் ஊர் இடைசெவலின் கரிசல் மண்ணைக் கழுவி, அதிலுள்ள களிமண்ணின் மேல் நானோ அளவில் இரும்புத் துருவைப் படிய வைப்பேன். (ஆமாம், துருதான். ஆய்வேட்டில் பெரிய பெயராக இருக்கும்.) அருமையான சிவப்பு. ஆனால் கடைசியில் உலையில் சுட்டால்தான் தண்ணீருக்கு அசையாது. ஆய்வகத்திலோ உலைக்கு அடிதடி வரிசை. கோவில்பட்டி சித்திரை வெயிலை விடவா ஓர் உலை என்று மொட்டை மாடியில் காயவைத்து அள்ளிவிட்டேன்.

அதைக் கஞ்சியில் குழைத்து (பசையிலும் ரசாயனம் கூடாதாம், கொள்கை!) நிச்சயத்துக்காக எங்கள் வீட்டு முன்கூடத்துச் சுவரில் பூசினேன். கரிசலில் உழுதே காலம் தள்ளிய அப்பா தயங்கினார்.

“ஏட்டி, கரிசல் ஈரம் பட்டா ஒட்டிக்கிடும். அதப் போயி சுவத்துல பூசுதியே?”

“நானோவாக்கிட்டா மண்ணோட குணமே மாறிரும்ப்பா.”

நான் சொன்ன தோரணையில் பாவம், நம்பிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர்கள். ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளைச் சட்டை. ஜமுக்காளத்தில் வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததுமே கரண்ட் போனது. எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது. தட்டு மாற்ற மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். முதுகு செக்கச்செவேல். அவர் பின்னாலேயே இன்னும் ஆறு சிவந்த முதுகுகள் எழுந்தன.

“நல்ல காரியத்துல என்ன சகுனம் இது? தட்ட மாத்தாதீங்க!” என்று மாப்பிள்ளையின் அத்தை கத்தினார்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. அவளுக்கு அந்த மாப்பிள்ளையை அவ்வளவு பிடித்திருந்தது. பதறிப்போய் ஈரத்துண்டால் மாப்பிள்ளையின் அப்பாவான மாமாவின் முதுகைத் தேய்த்தேன். சிவப்பு கையிலும் வேட்டியிலும் பரவியது.

“ஏம்மா, என்னது இது?”

“பயப்படாதீங்க மாமா, ஈயம் கிடையாது. சுற்றுச்சூழலுக்கு ஒண்ணும் செய்யாது.”

“அது கெடக்கட்டும். சட்டையில இருந்து போவுமா?”

“போகாது மாமா. எந்த வெயிலுக்கும் மங்காது.” இதைப் பெருமையாக வேறு சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாமா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சகுனம் பேசிய தன் தங்கையிடம் திரும்பி, “ஒட்டினா போவாதுங்குதா. சம்பந்தத்துக்கு இதவிட என்ன சகுனம்ட்டி வேணும்? தட்டக் கொண்டாங்க!” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். எனக்கு டாக்டர் பட்டம். ஆனாலும் எந்த விசேஷ வீட்டிலும், வழவழ டைல்ஸ் ஒட்டிய மண்டபத்திலும்கூட, மாமா உட்காரும் முன் சுவரை ஒரு விரலால் தேய்த்துப் பார்ப்பார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடி அந்த விரலை உயர்த்திக் காட்டுவார்.

“ஒண்ணும் வரல, டாக்டரம்மா!”

அதற்கப்புறம்தான் அந்தக் குடும்பமே உட்காரும்.