பெருநாள் கூட்டமும் என் வலது கையும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த விசேஷத்துக்குப் போய் வந்தாலும் கூட்டத்தைப் பெருக்கிச் சொல்வேன். நாற்பது பேர் வந்த வளைகாப்பு என் வாய்க்குள் போய் நானூறாக வெளியே வரும். கோபிச்செட்டிபாளையத்தில் நாங்கள் அப்படித்தான். கல்யாணம் எப்படி என்று கேட்டால் பொண்ணு மாப்பிள்ளையைப் பற்றியா சொல்வோம்? "செருப்பு விட இடமில்லீங்க" என்போம். அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. இந்தப் பாராட்டை அமெரிக்காவில், வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சருக்குப் பக்கத்து ஊர். பின்வீட்டில் ஜொஹரா லாத்தா. காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊரில் அக்காவை லாத்தா என்பார்களாம், நானும் அப்படியே பழகிவிட்டேன். அவர்கள் ஜமாத் ஒரு வாடகை ஹாலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்திவந்தது. அதே ஹாலில் யாராவது பிங்கோ ஆட்டம் வைத்தால் அந்த வாரம் தொழுகைக்கு இடமில்லை. மூடிக் கிடந்த ஒரு சோபாக் கடையை வாங்கிப் பள்ளிவாசலாக்க டவுன்ஷிப்பில், அதாவது ஊர் நகராட்சியில், அனுமதி கேட்டு இரண்டு வருஷம் அலைந்திருந்தார்கள். கடைசி விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்கே ஓட்டெடுப்பு.

"சுகந்தி, நீ ரெண்டு நிமிஷம் பேசினா போதும்மா" என்றார் லாத்தா. "நல்ல மனுஷங்கன்னு ஒரு வார்த்தை. எங்களைப் பத்தி நாங்களே சொன்னா எடுபடாது."

"ரெண்டு நிமிஷம் இவளுக்கு மூச்சு இழுக்கவே பத்தாதுங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு வாரம் ஒத்திகை. தோசை ஊற்றும்போது ஒத்திகை, ஃப்ரீவேயில் ஒத்திகை. எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு ராவுத்தர் கடையில் நீர்மோர் கொடுத்ததில் தொடங்கி, மனித குலம் ஒன்று என்பதில் போய் முடியும் இரண்டு பக்கப் பேச்சு. பதினாலு வயது மகள் தீபிகா இங்கிலீஷைத் திருத்திக் கொடுத்தாள். "அம்மா, ப்ளீஸ் டோன்ட் ஆக்ட்" என்று எச்சரிக்கையும் செய்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு விசாரணை. எங்களுக்கு முன்னால் யாரோ ஒருவருடைய வேலி உயரம் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் மூன்று முறை ரெஸ்ட்ரூம் போய் வந்தேன் (வேலை எதுவும் இல்லை, சும்மா). உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. தீபிகா என் முழங்காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டாள்.

பள்ளிவாசல் விஷயம் வந்ததும் விசாரணைக் குழுத் தலைவர் சொன்னார்: "இங்கே மதத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. பார்க்கிங், டிராஃபிக், விளக்கு வெளிச்சம், மழைத்தண்ணீர், இவ்வளவுதான்."

என் இரண்டு பக்கப் பேச்சில் ஒரு கார்கூட இல்லை.

எதிர்க்க வந்தவர்கள் எல்லோரும் "எங்களுக்கு எல்லா மதமும் ஒன்றுதான்" என்று ஆரம்பித்துப் பார்க்கிங்குக்குப் போனார்கள். ஒருவர் வாய்க்கால் தவளைகளுக்காக வருந்தினார். (சோபாக் கடை அத்தனை வருஷம் ஓடியபோது அந்தத் தவளைகள் எங்கே இருந்தன என்று தெரியவில்லை.) ஒரு அம்மா, "எங்கெங்கிருந்து யார் யாரோ வருவார்கள், நமக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு, தலைவரின் முகத்தைப் பார்த்து அவசரமாக, "கார் நிறுத்த" என்று சேர்த்துக்கொண்டார். லாத்தா முக்காட்டின் நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது கையைத் தூக்கினேன். தீபிகா கண்ணைக் காட்ட, மாற்றினேன். நீர்மோர் வரைக்கும்கூடப் போகவில்லை, "மேடம், பார்க்கிங்" என்றார் தலைவர். அப்போதே உட்கார்ந்திருந்தால் எனக்கும் ஊருக்கும் நல்லது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். என்ன ஒரு சிரித்த முகம்.

"இவர்கள் நடத்தும் பண்டிகைக்குப் போயிருக்கிறீர்களா?"

"போன பெருநாளுக்குப் போனேனே."

"கூட்டம் எப்படி?"

இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் என்னை யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? மனசு நிறைந்துவிட்டது.

"நிற்க இடமில்லை சார். ஆயிரம் பேருக்குக் குறையாது. ரெண்டு தெரு தாண்டி கார் நின்றது. நானே ஒரு வீட்டு டிரைவ்வேயை மறித்துத்தான் நிறுத்தினேன். அந்த வீட்டுக்காரர் கோபிக்கவே இல்லை, அவருக்கும் ஒரு டப்பா பிரியாணி கொடுத்தோம்."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார். நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வழியில் தவளைக்காரர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அங்கேதான் எனக்கு உறைத்தது. பெருநாள் அன்றுகூட இருநூறு பேரைத் தாண்டாது என்று ஜமாத்தின் இன்ஜினியர் அரை மணி முன்னால்தான் படம் போட்டுக் காட்டியிருந்தார். அதுதான் உண்மையும்.

மைக்குக்கு ஓடினேன். "சார், ஆயிரம் இல்லை. அது சும்மா ஒரு பேச்சுக்கு."

"சத்தியம் செய்துவிட்டா?" என்றார் தலைவர்.

"பொய் இல்லை சார், எங்க ஊரில் நல்லா நடந்துச்சுன்னா அப்படித்தான்..."

"மேடம், உங்கள் மூன்று நிமிஷம் முடிந்தது."

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. டிராஃபிக் ஆய்வை முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். பார்க்கிங்கில் (அன்றைக்குப் பாதி காலியாகக் கிடந்தது) லாத்தா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆயிரம் பேர் வந்திருந்தா பிரியாணிக்கு நான் எங்கடி போயிருப்பேன்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "இன்னும் எத்தனை மாசம் பிங்கோவுக்கு இடம் விட்டுட்டு நிக்கணுமோ தெரியல."

எட்டு மாதம். எட்டு மாதமும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் அந்த வாடகை ஹால் வாசலுக்குப் போய், பிங்கோ போர்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். மாட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது: பெருநாள் அன்று வாசலில் ஒருவர் நின்று கார்களை ஒழுங்குபடுத்த வேண்டும். லாத்தா யோசிக்கவே இல்லை, என் பெயரைக் கொடுத்துவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு பெருநாளுக்கும் பட்டுப்புடவைக்கு மேல் மஞ்சள் ஜாக்கெட் போட்டு, கையில் சிவப்புக் கொடியோடு நிற்கிறேன்.

வீட்டில் நான் எதைச் சொன்னாலும், வெயிலானாலும் கத்தரிக்காய் விலையானாலும், தீபிகா தலையை நிமிர்த்தாமல், "ரைட் ஹேண்ட், அம்மா" என்கிறாள். கையைத் தூக்கியதும் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

போன பெருநாளுக்கு வாசலில் நிற்கும்போது கோபியிலிருந்து தங்கச்சி போன் செய்தாள். "கூட்டம் எப்படிக்கா?"

கார் வரிசை சிக்னல் வரைக்கும் நின்றது. தெருவின் எதிர்ப்பக்கம் தவளைக்காரர் நாயோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ, நாலஞ்சு பேர் வந்திருக்காங்க" என்றேன்.

உள்ளேயிருந்து பிரியாணி டப்பாவோடு வந்த லாத்தா வலது கையைத் தூக்கிக் காட்டினார்.